அண்ணன் வெட்டாமல் விட்ட மரம்

என் தம்பி என் அண்ணன்மேல் கேஸ் கொடுத்தான். அம்மையை எரித்த இடம் இன்னும் ஆறி முடியாத நேரம் அது. எதற்காகக் கேஸ் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்ல வாய் கூசும். ஒரு மாமரத்துக்காக. அந்த மரமும் வேறெங்கும் போய்விடவில்லை, அம்மையின் சிதைக்குத்தான் போனது.

வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நெய்யாற்றின்கரை கோர்ட் வராந்தாவில் நின்றுகொண்டு நானும் அண்ணனின் வக்கீலிடம், "ஒரு மரத்த வெட்டினதுக்கு ஒரு மனுஷனக் கூண்டுல ஏத்துவாங்களா சாறே?" என்று சண்டைக்குப் போனவள்தான். அவர் பொறுமையான மனிதர். "வெட்டினது இங்க விஷயம் இல்ல கேட்டியளா. கை தவறி வெட்டினா குற்றம் இல்ல, அதிர் எது, எல்லை எதுண்ணு தெரியாம வெட்டினாலும் குற்றம் இல்ல. அடுத்தவனுக்குக் கேடு வரணும்ணு நினைச்சு வெட்டினா குற்றம். கேடு வரும்ணு நல்லா தெரிஞ்சோண்டு வெட்டினாலும் குற்றம். மனசாக்கும் விஷயம்" என்றார். மனசைக் கோர்ட்டில் எப்படி எடுத்து வைப்பார்கள் என்று அன்று எனக்குப் புரியவில்லை. எடுத்து வைத்தார்கள். அதையும் என்னை வைத்தே செய்தார்கள்.

எங்கள் வீடு கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய குளத்தூர் பக்கம். அண்ணன், நான், தம்பி என்று மூன்று பேர். அப்பா நாங்கள் சிறுபிள்ளைகளாக இருக்கும்போதே போய்விட்டார். அண்ணன்தான் எங்களை வளர்த்தார் என்று சொன்னால் அம்மைக்குக் கோபம் வரும், அதனால் பாதி வளர்த்தார் என்று வைத்துக்கொள்ளலாம். அரசுப் பள்ளிக்கூடம் ஒன்றில் அவர் கிளார்க். பேச்சு குறைவு, சிரிப்பு அதைவிடக் குறைவு. ஒரு காரியத்தைச் செய்தால் ஏன் செய்தேன் என்று சொல்லும் பழக்கமே கிடையாது. தம்பி நேர்மாறானவன். நினைத்தது அவன் வாயில்தான் முதலில் வரும், அப்புறம்தான் அவனுக்கே தெரியும். நான் இரண்டு பேருக்கும் நடுவே பிறந்தேன், பக்கத்திலேயே கல்யாணமும் கட்டிக்கொண்டேன். அங்கே ஒரு குரல் உயர்ந்தால் என் அடுக்களையில் கேட்கும்.

வீட்டைச் சுற்றிக் கிடந்த தோட்டத்தைப் பறம்பு என்போம். அதில் இரண்டு மாமரங்கள் நின்றன. தெற்கே நின்றது அப்பா நட்டது. நார் நிறைந்த நாட்டு மாங்காய், அம்மை அதில் புளிசேரி வைப்பாள், உப்பிலிடுவாள். மற்றது கிணற்றடியில் நின்றது. தம்பி பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கிய காலத்தில் ஒரு கோட்டுக்கோணம் மாம்பழத்தைச் சப்பித் தின்றுவிட்டுக் கொட்டையை அங்கே புதைத்தான். முளைக்காது என்று அண்ணன் பந்தயம் வைத்தார். முளைத்தது. தோற்றுப்போன அண்ணன் அவனைத் தோளில் ஏற்றிக்கொண்டு கோயில் உற்சவம் காட்டக் கொண்டுபோனார். அண்ணன் சிரித்து நான் பார்த்த சில நாட்களில் அது ஒன்று.

எங்கள் பக்கத்தில் மரத்துக்கு, நட்ட கையைச் சொல்லித்தான் பேர். அப்பா வச்ச மாமரம், சித்தப்பன் வச்ச பிலாவு, இன்னாருக்க தெங்கு என்று பேசுவோம். இடம் கை மாறும், விலைக்குப் போகும், பேர் மட்டும் மாறாது. நட்டவர் செத்து மண்ணாகிப் போன பிறகும் மரம் அவருடையதுதான். பத்திரம் எழுதுகிறவருக்கு இந்தக் கணக்கு தெரியாது.

தம்பி கல்ஃபுக்குப் போகும் முன்பு, அம்மை இருக்கும்போதே சொத்தைப் பாகம் வைத்தார்கள். வீடும் கிணறும் சேர்ந்த பக்கம் அண்ணனுக்கு, தெற்குப் பறம்பு தம்பிக்கு. சண்டையில்லாமல் முடிந்த பாகம் என்று ஊரில் நல்ல பேர். அப்பா நட்ட மரம் தம்பியின் பங்கிலும், தம்பி நட்ட மரம் அண்ணனின் பங்கிலும் விழுந்ததை அன்றைக்கு யாரும் பெரிதாக நினைக்கவில்லை. அப்பா மரத்தை ஒட்டி அதிர்க்கல்லைக் குழி தோண்டி நாட்டியது அண்ணன்தான். தம்பி பக்கத்தில் நின்று, "கொஞ்சம் எனக்க பக்கமா தள்ளி வச்சாலும் கேஸ் இல்ல அண்ணா" என்று விளையாட்டாகச் சொன்னான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு கர்க்கடக மாதத்து மழையில் அம்மை போனாள். அண்ணன் நனைந்துகொண்டே பாறசாலைக்குப் போய், பூத்திலிருந்து தம்பிக்குப் போன் செய்தார். நானும் கூடப் போயிருந்தேன். ரிசீவருக்குள்ளிருந்து தம்பி அழுவது வெளியே நின்ற எனக்கே கேட்டது.

"நான் வாறேன் அண்ணா. நான் வராம எடுக்காண்டாம். கேட்டியளா? நான் வந்து பாத்திட்டு எடுத்தா மதி."

"வா மக்கா. வச்சிருக்கோம்" என்றார் அண்ணன்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பிணத்தை வைக்கும் குளிர்ப்பெட்டி எல்லாம் கிடையாது. மீன் சந்தையிலிருந்து ஐஸ்கட்டி வாங்கி, மரத்தூளான அறக்கப்பொடி போட்டு அம்மையைச் சுற்றி வைத்தோம். மீன் வாடை போக ஊதுபத்தி ஏற்றினோம். மறுநாள் காலையில் பூத்துக்காரர் சைக்கிளில் வந்து, தம்பிக்கு டிக்கெட் சரியாகவில்லை, இன்னும் தாமதமாகும் என்று சொல்லிவிட்டுப் போனார். உறவில் பெரியவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். ஐஸ் உருகிய தண்ணீர் வாசற்படி தாண்டி முற்றத்து மழைத்தண்ணீரில் கலந்துகொண்டிருந்தது. அண்ணன் உள்ளே வந்து அம்மையின் முகத்துணியை விலக்கிப் பார்த்தார். முகம் மாறத் தொடங்கியிருந்தது. துணியை மூடிவிட்டு, "எடுக்கலாம்" என்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். தம்பிக்குக் கொடுத்த வாக்கை அவர் அந்த இடத்தில்தான் விழுங்கினார்.

எங்களுக்குள் ஒருவர் செத்தால் அவரைச் சொந்தப் பறம்பில்தான் எரிப்போம், அதற்கு அந்தப் பறம்பிலுள்ள மாமரத்தைத்தான் வெட்டுவோம். அக்கம்பக்கத்து ஆண்கள் கோடாலியும் அறுப்புவாளுமாகத் தாங்களே வந்துவிடுவார்கள். சாவு வீட்டில் யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை, கேட்டால் மரியாதைக் குறைவு. அன்றும் அப்படித்தான் வந்தார்கள். வந்தவர்கள் நேராகக் கிணற்றடி மரத்துக்குப் போனார்கள். பக்கத்தில் நிற்பது, பெரியது, அண்ணனின் பங்கிலேயே நிற்பது.

அம்மையைக் குளிப்பாட்ட நானும் மைனியும் கிணற்றில் தண்ணீர் கோரிக்கொண்டிருந்தோம். மைனி என்றால் அண்ணனின் மனைவி. அண்ணன் மழையில் வேகமாக வந்தார். "அது வேண்டாம். தெக்க நிக்கியத வெட்டுங்க" என்றார். வந்தவர்கள் ஏன் என்று கேட்கவில்லை, கோடாலியைத் தோளில் வைத்துக்கொண்டு தெற்கே போனார்கள். நானும் மைனியும் மட்டும் அவர் முகத்தைப் பார்த்தோம். அதனால்தானோ என்னவோ, வழக்கமில்லாமல் அவர் காரணம் சொன்னார்.

"இது அவன் வச்சதாக்கும். அம்மைய வச்சிருக்கேண்ணு செல்லிட்டு, அவன் வரும்போ அம்மையும் இல்ல, மரமும் இல்லேண்ணா எப்பிடி? இதெங்கிலும் நிக்கட்டு. அப்பா வச்சதுல அம்மை போகட்டு."

பச்சை மரம். நனைந்த மரம். தேங்காய்த் தொண்டும் சிரட்டையும் நெய்யுமாகப் போட்டுத்தான் அம்மையை எரிக்க முடிந்தது. அண்ணன் கடைசிவரை பக்கத்தை விட்டு நகரவில்லை.

தம்பி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. டாக்சியிலிருந்து இறங்கினான், பெட்டியைக்கூட எடுக்கவில்லை, தெற்கே நடந்தான். சாம்பல்மேல் ஓலை போட்டு மூடியிருந்தோம். அதன் முன்னால் நின்றான். அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பியபோது அதிர்க்கல்லுக்கு அந்தப் பக்கம் வெட்டுப்பட்ட அடிமரம் அவன் கண்ணில் பட்டது.

"எனக்க மரத்த ஆரு வெட்டினா?"

அவன் மனசில் இருந்தது மரம் இல்லை என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். ஏன் எனக்காக வைத்திருக்கவில்லை என்று கேட்கத்தான் அவன் அவ்வளவு தூரம் பறந்து வந்தான். ஆனால் அதைக் கேட்டால் உறவுக்காரர் எல்லோரும் ஒரே குரலில் பதில் சொல்லி அவன் வாயை அடைத்துவிடுவார்கள். மழை, ஐஸ், முகம் என்று சொல்வார்கள். அதற்கு மறுபேச்சு கிடையாது. மரத்துக்கு அப்படியில்லை. மரம் பத்திரப்படி அவனுடையது. அவன் துக்கத்துக்குப் பிடித்துக்கொள்ள அந்த அடிமரம்தான் கிடைத்தது.

அண்ணன் கிணற்றடியைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். அவர், "நான்தான் வெட்டச் சென்னேன். இப்ப என்னா?" என்றார். மைனி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அவர் அவளை முறைத்தார். நான் பிறகு தனியாகப் போய்த் திட்டினேன். "எதுக்குண்ணு சென்னா என்ன கொறஞ்சு போவீங்க?" என்று கேட்டேன். "செத்த வீட்டுல வந்து எனக்க மரம் உனக்க மரம்ணு பேசினவன்கிட்ட நான் போய் காரணம் செல்லி நிக்கணுமா? நீயும் செல்லாண்டாம்" என்றார். எனக்கு அப்போது வந்த கோபத்தில் அடுப்பில் கிடந்த பாலை இறக்க மறந்து பொங்கவிட்டேன்.

நான் சொல்லத்தான் போனேன். ஆனால் தம்பி அதற்குள் உறவுக்காரர் ஒருவர் வீட்டுக்கு மாறிவிட்டான். அங்கே போனபோது, "அண்ணனுக்கு வக்காலத்து வாங்கவா வந்தே அக்கா?" என்று கேட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். மூடிய கதவிடம் பேச என் வீம்பும் விடவில்லை. வந்துவிட்டேன். பிறகு அவன் வக்கீலைப் பார்த்தான், மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அன்யாய மனு கொடுத்தான். தன் சொத்துக்கு வேண்டுமென்றே சேதம் செய்தார் என்று சொந்த அண்ணனைப் பற்றி எழுதிக் கொடுத்தான். கேஸுக்கு நிற்க வேண்டுமென்று லீவை நீட்டினான். லீவு முடிந்தது, விசாவும் போனது. அவன் அசையவில்லை.

அண்ணனுக்குத் தண்டனை வந்தால் வேலை போகலாம் என்று வக்கீல் சொன்னார். அதிலிருந்து தப்ப அவரே ஒரு வழியும் சொன்னார். அதிர்க்கல்லைப் புல் மூடிக் கிடந்தது, மரம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டால் கேஸ் நிற்காது. அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, "கல்ல நாட்டினதே நானாக்கும். தெரியாதுண்ணு எப்பிடிச் செல்ல?" என்றார். அப்படியானால் தெரிந்தே வெட்டியதற்கு உள்ள காரணத்தைச் சொல்லுங்கள் என்று வக்கீல் கெஞ்சினார். அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சொல்லாதே என்று அண்ணன் சொல்லியிருந்தாரே.

என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டது தம்பியின் வக்கீல். மரம் வெட்டும்போது அங்கே இருந்தவள், இரண்டு பேருக்கும் கூடப்பிறந்தவள். கூண்டில் ஏறினேன். எதிரே அண்ணன் பள்ளிக்கூடத்துக்குப் போகும் அதே வெள்ளைச் சட்டையில் நின்றார். பின்வரிசையில் தம்பி. கேள்விகள் மலையாளத்தில் வந்தன, நானும் மலையாளத்திலேயே பதில் சொன்னேன்.

அண்ணனின் சொந்தப் பங்கில் வேறு மாமரம் உண்டா? உண்டு. வீட்டுக்குப் பக்கத்திலா? ஆமாம். வெட்டப்பட்டதைவிடப் பெரியதா? பெரியது. வெட்ட வந்தவர்கள் முதலில் எந்த மரத்துக்குப் போனார்கள்? அதற்குத்தான். அவர்களைத் தடுத்தது யார்? அண்ணன். அப்படியென்றால் தன் மரத்தைக் காப்பாற்றிக்கொண்டு தம்பியின் மரத்தை வெட்டச் சொன்னார், சரிதானே?

சரிதான். ஒவ்வொன்றும் உண்மை. உண்மைகளை வரிசையாக அடுக்கி என் அண்ணனை என் வாயாலேயே திருடனாக்கிவிட்டார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அந்த வக்கீல் திருப்தியோடு உட்கார்ந்தார். அடுத்து அண்ணனின் வக்கீல் எழுந்து, தயங்கித் தயங்கி, "அவர் ஏன் தடுத்தார் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தார். அவர் சொன்னதையெல்லாம் கேட்டு நடந்தவள் இல்லை நான், அன்றைக்கு மட்டும் ஏன் கேட்க வேண்டும்? மலையாளத்தில் தொடங்கினேன், பாதியில் அது எங்கள் வீட்டுப் பேச்சாக மாறிப்போனது. மாஜிஸ்திரேட் தடுக்கவில்லை. அண்ணன் கிணற்றடியில் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் காப்பாற்றியது அவருடைய மரத்தை இல்லை, தம்பி வச்ச மரத்தை என்று சொன்னேன். பந்தயத்தையும் உற்சவத்தையும்கூடச் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். சொல்லி முடித்துப் பார்த்தபோது பின்வரிசையில் தம்பி இல்லை.

வெளியே வாகை மரத்தடியில் நின்றிருந்தான். முகமெல்லாம் ஈரம். "அது நான் வச்சதுண்ணு அண்ணனுக்கு ஓர்மை உண்டா அக்கா?" என்று கேட்டான். "உண்டு மக்கா" என்றேன். ஊருக்கு வந்த பிறகு அவன் அம்மைக்காக அழுததும் அன்றைக்குத்தான்.

கேஸ் வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். ராஜியாக எழுதி இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். தம்பி பின்னாலேயே ஓடிப்போய், "அண்ணா" என்று கூப்பிட்டான். அண்ணன் நின்றார்.

"எலே, எனக்க மனசுல கள்ளம் உண்டாண்ணு அறிய ஒனக்குக் கோர்ட்டு வேணும், இல்லியா?"

அவ்வளவுதான். பஸ்ஸில் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு அவர் தம்பியிடம் பேசவில்லை. என்னிடம் பேசினார், ஆனால் முன்போல் இல்லை. வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டிய ஒன்றை நான் கோர்ட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டேனாம். அவர் வேலையை நான் காப்பாற்றினேன் என்று எல்லோரும் சொன்னார்கள், அவரைத் தவிர.

தம்பிக்குக் கல்ஃப் இல்லாமல் போனது. தெற்குப் பறம்பை விற்றான். எந்த மண்ணில் நின்ற மரத்துக்காகக் கேஸ் கொடுத்தானோ அந்த மண் வேறொருவர் கைக்குப் போனது. அந்தப் பணத்தில் தனுவச்சபுரத்தில் காலேஜுக்குப் பக்கத்தில் வாடகைக்கு இடம் பிடித்து சர்பத்தும் சோடாவும் விற்கிற கடை போட்டான். மேல்மாடியில் ஒற்றை அறையில் அவனும் புதிதாகக் கட்டிய பெண்டாட்டியும் இருந்தார்கள். ஒவ்வொரு ஓணத்துக்கும் அண்ணன் வீட்டுப் படிவரை வந்து மைனியிடம் துணிப்பொதியைக் கொடுப்பான். அண்ணன் அந்த நேரம் கொல்லைப்புறம் போய்விடுவார்.

தொண்ணூறுகள் முடியும் முன்பே அண்ணனும் போனார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தம்பி முதல் ஆளாக ஓடி வந்தான். அண்ணனின் காலைக் கட்டிக்கொண்டு அவன் அழுததைப் பார்க்க முடியாமல் நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

ஆண்கள் கோடாலியோடு வந்தார்கள். அந்தப் பறம்பில் மீதி இருந்தது ஒரே மாமரம். அவர்கள் அதன் அடியில் வந்து நின்றதும் தம்பி எழுந்து வந்து ஒருவர் கையிலிருந்து கோடாலியை வாங்கினான். "நான் வச்சதாக்கும். அண்ணனுக்கு நானே வெட்டித் தாறேன்" என்றான். ஓங்கி ஒரு வெட்டு வெட்டினான். பட்டை தெறித்தது.

மைனி வெளியே ஓடி வந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. அத்தனை ஆண்கள் நடுவே வந்து மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"வேண்டாம் தம்பி. கொள்ளி வைக்கது ஒனக்க கடமை, அதுல நான் ஒண்ணும் பறையல்ல. இதுல மட்டும் கை வைக்காண்டாம். இத வெட்டாம விட்டதுக்காக்கும் எனக்க மனுஷன் கூண்டுல ஏறி நின்னது."

தம்பி கோடாலியைக் கீழே வைத்தான். பாறசாலை மரக்கடையிலிருந்து விலைக்கு விறகு வாங்கி வந்து அண்ணனை எரித்தோம். எங்கள் குடும்பத்தில் விலை விறகில் எரிந்த முதல் ஆள் அவர். அண்ணனுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் தம்பிதான் கொள்ளி வைத்தான்.

அடுத்த மாம்பழக் காலத்தில் மைனி ஒரு துணிப்பையில் பழங்களைக் கட்டி, "அவனுக்குக் குடு" என்று என்னிடம் தந்தாள். வேறொன்றும் சொல்லவில்லை. நான் பஸ் பிடித்துப் போய்க் கடையில் கொடுத்தேன். பையைத் திறந்ததும் கோட்டுக்கோணத்தின் மணம் கடையை நிறைத்தது. அவன் வெகுநேரம் பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, மைனி இத எதுக்குத் தந்து விட்டா? ஸ்நேகத்துலயா? இல்ல, நான் ஒருநாளும் மறக்கப்படாதுண்ணா?"

ஒருத்தர் மனசில் என்ன இருந்தது என்று ஒருமுறை ஊரறியச் சாட்சி சொன்னவள் நான். அன்றைக்குச் சொன்னது உண்மைதான், அதனால் யாருக்கும் யாரும் திரும்பக் கிடைக்கவில்லை. மைனியின் மனசு எனக்குத் தெரியாது, அவளிடம் கேட்கவும் பயம். "அறியாது மக்கா" என்றேன்.

அவன் ஒரு பழத்தை எடுத்து முகர்ந்தான், திரும்ப வைத்தான். அந்த நேரம் காலேஜ் விட்டுப் பிள்ளைகள் சோடா குடிக்க வந்தார்கள். "மாம்பழம் வேணுமா மக்களே?" என்று கேட்டு எல்லாவற்றையும் அவர்களுக்கே எடுத்துக் கொடுத்தான். ஒன்றுகூட அவன் வாயில் வைக்கவில்லை. அவர்கள் தின்று முடித்துக் கொட்டையை ரோட்டோரம் எறியப் போனபோதுதான் அவசரமாகக் கையை நீட்டினான். "எறியாண்டாம், எறியாண்டாம், இங்க தந்திட்டுப் போங்க" என்றான்.

கொட்டைகளை ஒவ்வொன்றாகச் சோடாத் தண்ணீரில் கழுவி, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய தட்டில் காயவைத்தான். நட அவனுக்கு மண் எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.